போர்க்காலக் குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறல்: மருத்துவர் குழு அறிக்கை விடுவதைத் தாண்டி என்ன செய்யலாம்?

வெள்ளைக்கோட்டு (கேள்வி)

ஒரு சிறிய மருத்துவர் குழு. பொது மருத்துவர்கள் ஏழெட்டுப் பேர், ஒரு மனநல மருத்துவர், ஓர் எலும்பு மருத்துவர். சட்ட மருத்துவம் படித்தவர் எவரும் இல்லை. சமாதானத்துக்காகக் குரல் கொடுப்பதும், போரின்போது நடந்த சித்திரவதை, காணாமலாக்கல், மருத்துவமனைத் தாக்குதல் ஆகியவற்றுக்குப் பொறுப்புக்கூறல் கேட்பதும் நோக்கம். இதுவரை இரண்டு கண்டன அறிக்கையும் ஒரு கையெழுத்து மனுவும் போயிருக்கின்றன. ஒரு நாள் பேசினார்கள், அதோடு சரி.

மூன்று சந்தேகம்:

மருத்துவர் என்ற முறையில் மட்டுமே செய்யக்கூடியது என்ன? கண்டிப்பதை யாரும் செய்யலாமே.

சித்திரவதைக்கு ஆளானவர்கள் பத்து, பதினைந்து வருடம் கழித்துத் தழும்போடு வருகிறார்கள். சித்திரவதையை விசாரித்துப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையைப் படித்தாயிற்று. நடைமுறையில் எங்கே சறுக்கும்?

சமாதானம் பேசுகிற குழுவே தண்டனையும் கேட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்காதா?

---

பழைய ஸ்டெத்

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் அதில்தான் தொங்குகின்றன.

சமாதானமும் பொறுப்புக்கூறலும் முட்டிக்கொள்ளாது. காங்கோவின் புக்காவுவில் பான்சி மருத்துவமனையை 1999இல் தொடங்கிய டெனி முக்வெகே, போர் ஆயுதமாக வன்புணர்வு செய்யப்பட்ட பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்பவர். 2018இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அவர் ஓயாமல் கேட்பது, காங்கோவில் நடந்த குற்றங்களைப் பட்டியலிட்டு 2010இல் வந்த ஐ.நா. வரைபட அறிக்கையில் உள்ள 617 சம்பவங்களை (1993 முதல் 2003 வரை) நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள் என்பதுதான். குற்றம் செய்தவன் பதவியில் இருக்கும்வரை அடுத்த சுற்று வன்முறை வரும் என்பது அவர் வாதம்.

முட்டிக்கொள்வது வேறு: பிரசாரமும் நிபுணர் சாட்சியமும். ஒரே மருத்துவர் காலையில் "கொலைகார ராணுவமே வெளியேறு" என்ற மனுவில் கையெழுத்துப் போட்டு, மாலையில் அதே ராணுவம் செய்ததாகச் சொல்லப்படும் காயத்துக்கு மருத்துவ அறிக்கை எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். மனுவை எடுத்து நீட்டி "இது உங்கள் கையெழுத்தா டாக்டர்?" என்று கேட்டால் போதும். பாதிக்கப்பட்டவரின் வழக்கு அங்கேயே நொண்டும். ஆகவே முதல் கூட்டத்திலேயே இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று பேசுகிறவர்கள், மற்றது காயம் பார்த்து எழுதுகிறவர்கள். இரண்டாம் பட்டியலில் உள்ளவர் ஒரு தரப்பின் பெயர் சொல்லும் மனுவில் கையெழுத்திடக் கூடாது. தலைப்புத்தாளும் வேறாக இருக்கட்டும்.

இனி முதல் கேள்வி. மருத்துவர் சொன்னால் எடுபடுவது எண்ணிக்கையும் உடலும்தான். 1980இல் அமெரிக்க இதய மருத்துவர் பெர்னார்ட் லௌனும் சோவியத் இதய மருத்துவர் யெவ்கேனி சாசோவும் சேர்ந்து அணுப்போர்த் தடுப்புக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பைத் தொடங்கியபோது, எந்த வல்லரசு நியாயம் என்று பேசவில்லை. குண்டு விழுந்தால் தீக்காய வார்டு எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பதில் சொல்ல முடியாத கணக்கு அது. 1985இல் நோபல். அதே அமைப்பு 2007இல் தொடங்கிய இயக்கத்தின் தொடர்ச்சியாகவே அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2017 ஜூலை 7இல் நிறைவேறி, 2021 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு உதாரணம் கண்ணிவெடி. 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் அமைப்பு, 1991இல் கம்போடியா பற்றிய கூட்டறிக்கையில் 236 பேருக்கு ஒருவர் வெடியில் உறுப்பை இழந்தவர் என்று எழுதியது. "கொடூரம்", "காட்டுமிராண்டித்தனம்" எல்லாம் செய்யாததை அந்த ஒற்றை எண் செய்தது. 1997இல் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் வந்தது.

எனவே உங்கள் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். உரிச்சொற்களை அடித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? மிஞ்சுவதில் மருத்துவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்றாவது இருக்கிறதா?

விலையையும் சொல்லிவிட வேண்டும். 2018 ஜனவரியில் துருக்கி மருத்துவர் சங்கத்தின் மத்தியக் குழு "போர் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை" என்று சொன்னதற்காக 11 பேரைத் தடுத்துவைத்தார்கள், மறு ஆண்டு சிறைத் தண்டனையும் விதித்தார்கள். அறிக்கையில் ஒரு வசைச்சொல் கிடையாது. குழுவில் யார் அரசு வேலையில் இருக்கிறார், யாருடைய குடும்பம் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கெடுத்த பிறகே பெயர் போடுங்கள்.

---

தழும்பு வாசிப்பவள்

இரண்டாவது கேள்விக்கு.

இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் ஐ.நா.விடம் கொடுக்கப்பட்டது. 2004இலும் 2022இலும் திருத்தினார்கள். 2022 பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். பலரிடம் இன்னும் பழைய பிரதியின் நகல்தான் இருக்கிறது.

நேரம்: 2 முதல் 4 மணி, பெரும்பாலும் இரண்டு அமர்வு. வெளிநோயாளர் வரிசைக்கு நடுவே செய்கிற காரியம் அல்ல. முதல் அமர்வில் உடலைத் தொடாமல் கேட்பதோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டம் இல்லை. கேள்வி திறந்ததாக இருக்கட்டும். "கம்பியால் அடித்தார்களா?" என்று கேட்டுவிட்டால், பிறகு வருகிற "ஆமா"வுக்கு மதிப்பில்லை. "அப்புறம் என்ன நடந்தது?" போதும்.

படம்: ஒவ்வொரு தழும்புக்கும் குறைந்தது இரண்டு. ஒன்று உடலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய, தூரத்தில் இருந்து. மற்றது நெருக்கத்தில், எல் வடிவ அளவுகோலைத் தோல் மட்டத்திலேயே வைத்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து. சாய்த்து எடுத்தால் 8 மி.மீ. வட்டம் முட்டை வடிவமாகிவிடும். சிகரெட் சுட்ட தழும்பு பொதுவாக 5 முதல் 10 மி.மீ., வட்டம் அல்லது நீள்வட்டம். படத்தில் வடிவம் கெட்டால் அந்த வாதமே போச்சு. ஃபிளாஷ் நேராக அடித்தால் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து வையுங்கள்.

தரநிலை: சொன்ன காரணத்தோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஐந்து படி. ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகிறது, அதாவது சொன்ன காரணத்தால் வந்திருக்கலாம், வேறு பல காரணமும் உண்டு. மிகவும் ஒத்துப்போகிறது, அதாவது வேறு காரணம் சிலவே. அந்தக் காயத்துக்கே உரிய தோற்றம், ஆனால் வேறு காரணம் சாத்தியம். கடைசியாக, வேறு எதனாலும் வர முடியாதது. புதியவர்கள் செய்கிற தவறு, இரக்கத்தில் எல்லாத் தழும்பையும் மூன்றாம் படியில் ஏற்றிவிடுவது. முழங்காலில் உள்ள ஒழுங்கற்ற தழும்புக்கு "ஒத்துப்போகிறது" என்பதற்கு மேல் எழுத இடமில்லை. கடைசி முடிவு எப்படியும் ஒற்றைத் தழும்பை வைத்து அல்ல, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் வரும்.

சித்திரவதையோடு தொடர்பில்லாத தழும்பையும் எழுதுங்கள். "இது சின்ன வயசில் சைக்கிளில் விழுந்தது" என்று அவரே சொன்னால் அதை அப்படியே பதியுங்கள். எல்லாவற்றையும் ராணுவத்தின் தலையில் கட்டாதவர் என்பது அறிக்கையிலேயே தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாதவை: உள்ளங்காலில் அடிப்பது தழும்பே விடாமல் போகும். நடையில் வலி, குதிகாலின் கொழுப்புத் திண்டு தட்டையாகியிருப்பது, பாதத்தின் அடித்தசைநார்ப் படலம் தடித்திருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டவரிடம் இரண்டு கையையும் சுவரில் ஊன்றித் தள்ளச் சொல்லி, முதுகுப் பக்கம் நின்று பாருங்கள். தோள்பட்டை எலும்பு சிறகு மாதிரிக் கிளம்பினால் நரம்புக் காயம். உங்கள் எலும்பு மருத்துவருக்கு இரண்டு நிமிட வேலை, பொது மருத்துவர் தவறவிடுவது இதைத்தான். மின்சாரம் பாய்ச்சிய இடத்தில் 1 முதல் 3 மி.மீ. செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். தண்ணீரில் தலையை அமுக்கியதற்குத் தடயமே இருக்காது. தடயம் இல்லை என்பதை "சித்திரவதை நடக்கவில்லை" என்று யாரும் படிக்காதபடி, அந்த முறை ஏன் தடயம் விடாது என்ற ஒரு வாக்கியத்தை அங்கேயே எழுதிவிடுங்கள்.

புதுக் காயமாக இருந்தால் ஒன்று: கன்றலின் நிறத்தை வைத்து நாளைக் கணிக்காதீர்கள். மஞ்சள் ஏறியிருந்தால் பொதுவாக 18 மணி நேரத்துக்குக் குறையாது என்பதைத் தாண்டி எதுவும் நிற்காது.

எறிகணைத் துண்டு உடலுக்குள் இருக்கலாம் என்றால் முதலில் எக்ஸ்-ரே, இரண்டு கோணத்தில். நேரே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பாதீர்கள், இரும்புத் துண்டு காந்தத்தில் நகரும். கண்ணிலோ முதுகெலும்பருகிலோ இருந்தால் அறிக்கை கிடக்கட்டும், ஆளுக்கே ஆபத்து.

மனநலப் பகுதி: பேரதிர்ச்சியின் மனப் பாதிப்பை அளக்கும் ஹார்வர்ட் வினாத்தாளோ பி.சி.எல்.-5ஓ பயன்படுத்தலாம். மதிப்பெண் வரம்பைத் தாண்டியது சித்திரவதையை நிரூபிக்காது, தாண்டாதது மறுக்கவும் செய்யாது. தேதி குழம்புவது, வரிசை மாறுவது இவற்றுக்குத் தலைக்காயம், தூக்கமின்மை, கண்கட்டு போன்ற காரணம் இருந்தால் மனநல மருத்துவர் விளக்கி எழுத வேண்டும். விளக்காமல் விட்டால் "முன்னுக்குப் பின் முரண்" என்று அடுத்தவர் எழுதிவிடுவார்.

---

மொழிக்கு நடுவில்

மேலே சொன்னது எல்லாம் சரி, மொழிபெயர்ப்பாளர் விஷயம் விட்டுப்போச்சு.

"சுட்டாங்க." இதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? துப்பாக்கியால் சுட்டதும் சுட்டதுதான், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டதும் சுட்டதுதான். இலங்கைப் பேச்சில் "சூடு பட்டது" என்றால் குண்டுக்காயம், "சூடு வச்சாங்க" என்றால் தீக்காயம். முதல் நேர்காணலில் ஒருவர் குண்டு என்று எழுதி, இரண்டாவதில் இன்னொருவர் கம்பி என்று எழுதினால், பாதிக்கப்பட்டவர் பொய் சொன்னதாக ஆகும். அவர் இரண்டு தடவையும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்.

"கிழமை"யும் அப்படி. இலங்கையில் மூன்று கிழமை என்றால் மூன்று வாரம். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் அதை நாளாக எண்ணிவிட்டால் தடுப்புக்காவலின் காலமே சுருங்கிவிடும்.

வழி இதுதான்: காயத்தின் காரணத்தைக் குறிக்கும் சொல்லைப் பேசியவர் வாயிலிருந்து வந்தபடியே தமிழ் எழுத்தில் அறிக்கையில் போட்டு, பக்கத்தில் பொருளை எழுதுங்கள். குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைக்கவே வேண்டாம். மனைவி முன்னால் பாலியல் சித்திரவதையை எந்த ஆணும் சொல்ல மாட்டான், மகன் முன்னால் எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். ஒரே ஊர்க்காரரும் பல சமயம் சரிப்படாது.

---

வெள்ளைக்கோட்டு

மிக்க நன்றி. தழும்பு வாசிப்பவள் அக்கா, ஒன்று. தழும்பு கம்பியால் சுட்டதுதான் என்று நாங்கள் எழுதிவிடலாம். ஆனால் "புகலிடம் கிடைக்கட்டும் என்று அவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டார்" என்று அதிகாரி சொன்னால்? அதைப் பற்றிப் பேச மருத்துவருக்கு இடம் உண்டா?

---

தழும்பு வாசிப்பவள்

உண்டு. இதற்கென்றே ஒரு தீர்ப்பு இருக்கிறது: 2019 மார்ச் 6, பிரித்தானிய உச்ச நீதிமன்றம், கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் இலங்கைத் தமிழர் வழக்கு. சூடான உலோகக் கம்பியால் ஏற்பட்ட ஐந்து தழும்பு. கையில் சுட்டபோது நினைவு இருந்தது, பிறகு மயங்கிவிட்டேன், முதுகில் சுட்டது தெரியாது என்பது அவர் சொன்னது. பரிசோதித்த மருத்துவர், கைத் தழும்பின் விளிம்பு மங்கலாகவும் முதுகுத் தழும்பின் விளிம்பு துல்லியமாகவும் இருப்பதைக் கவனித்தார். நினைவோடு இருப்பவன் துடிப்பான், கம்பி நழுவும், விளிம்பு கலங்கும். மயங்கியவன் அசைய மாட்டான்.

தழும்பு எதனால் வந்தது என்பதோடு மருத்துவர் நின்றிருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொல்லப்பட்ட சூழ்நிலையோடு காயம் எவ்வளவு பொருந்துகிறது என்றும் மருத்துவர் கருத்துச் சொல்லலாம், நெறிமுறை கேட்பதே அதைத்தான் என்றது. தானே ஆள் வைத்துச் சுட்டுக்கொள்வது மிக அரிதாகவே இருக்கும் என்பதையும் கருத்தில் எடுக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

உங்களுக்கு இதிலிருந்து: "தீக்காயத் தழும்பு, 11 செ.மீ. நீளம்" என்று முடித்துவிடாமல் விளிம்பு, ஆழம், ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா, அவரது கைக்கு எட்டும் இடமா என்று எழுதுங்கள். மாற்றுக் காரணங்களை நீங்களே எடுத்து, ஏன் தள்ளுகிறீர்கள் அல்லது தள்ள முடியவில்லை என்று சொல்லுங்கள். தாண்டக் கூடாத கோடு ஒன்றே: "இவர் உண்மை சொல்கிறார்" என்று எழுதுவது. அது நீதிபதியின் வேலை.

---

பூட்டும் சாவியும்

சேமிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பாதிக் குழுக்கள் விழுவது இங்கேதான்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், எடுத்த நேரம் உள்ளிட்ட தகவல் கழன்றுவிடும். மூலக் கோப்பை மெமரி கார்டில் இருந்து நேராக மறையாக்கம் செய்த வட்டுக்கு மாற்றி, அன்றே எஸ்.எச்.ஏ.-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணிக்கும் அடையாள எண்) எடுத்து, அந்த எண்ணைத் தேதியோடு தனிப் பதிவேட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்திடுங்கள். பிறகு ஒரு பிக்சல் மாறினாலும் தெரிந்துவிடும். வேலை செய்வதெல்லாம் நகலில். பெயர், குறியீட்டு எண் இரண்டையும் இணைக்கும் பட்டியல் வேறு இடத்தில், வேறு ஆளிடம்.

ஒப்புதல் படிவத்தில் ஒரே ஒரு "சம்மதம்" கட்டம் வைக்காதீர்கள். சிகிச்சைக்கு, பெயரில்லாப் புள்ளிவிவரத்துக்கு, வழக்கறிஞருக்கு, ஐ.நா. அமைப்புக்கு, ஊடகத்துக்கு: தனித்தனியாக ஐந்து, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியோடு. சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சை உண்டு என்பதை வாயாலும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஆர்வக்கோளாறு. ஒரே ஆளிடம் நாலு அமைப்பு நாலு வாக்குமூலம் வாங்கினால் நாலு விதமாக இருக்கும், வழக்கு நாறிவிடும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதித்துறை ஒத்துழைப்பு அமைப்பான யூரோஜஸ்டும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் எச்சரிக்கிறது. முன்பே விரிவாகச் சொன்னாரா என்று முதலில் கேளுங்கள். சொல்லியிருந்தால் காயத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கேளுங்கள். குண்டுத் துண்டு, இரத்தக்கறை படிந்த துணி என்று பொருட்களைச் சேகரிக்கவும் போகாதீர்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டு மட்டும் வேறு கதை: பல் இல்லாத, ரப்பர் முனை போட்ட இடுக்கியால் எடுத்து, பஞ்சில் வைத்து, உலர்ந்த டப்பாவில் முத்திரை போட்டு, யார் எப்போது யாரிடம் கொடுத்தார் என்ற சங்கிலி அறாமல் எழுதுங்கள்.

கொடுக்கும் இடம்: இலங்கை பற்றியது என்றால் மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானப்படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அமைத்த சான்று சேகரிப்புத் திட்டம். சிரியாவுக்கு 2016 டிசம்பரில் பொதுச்சபை உருவாக்கிய பொறிமுறை, மியன்மாருக்கு 2018இல் வந்தது. தீர்ப்புச் சொல்லும் மன்றங்கள் அல்ல இவை, சான்றைக் கெடாமல் வைத்திருந்து கேட்கும் நீதிமன்றத்துக்குத் தரும் இடங்கள்.

---

பழைய ஸ்டெத்

மருத்துவமனைத் தாக்குதலை நானே விட்டுவிட்டேன். 2016 மே 3இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை அத்தகைய தாக்குதல்களைக் கண்டித்து 2286ஆம் தீர்மானம் போட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் தாக்குதல்களைப் பதிவு செய்கிறது, வதந்தி, சாத்தியம், அநேகமாக, உறுதி என்று நான்கு நிலையில். ஆனால் தாக்கியது யார் என்று அந்தப் பதிவு சொல்லாது. அந்த ஓட்டையை உங்களைப் போன்றவர்கள்தான் அடைக்க முடியும்: எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து, கட்டடத்தின் எந்தச் சுவரில், அன்று வார்டில் எத்தனை பேர், கூரையில் சின்னம் தெரிந்ததா, இருப்பிடக் குறியீட்டை முன்கூட்டியே யாரிடம் கொடுத்திருந்தார்கள்.

இலங்கை இறுதிப் போரின்போது வன்னியில் எல்லா மருத்துவமனைகளும் எறிகணைக்கு இலக்காயின, இருப்பிடம் அரசுக்கு நன்கு தெரிந்திருந்தும் சில திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. அங்கிருந்து வெளியுலகுக்குச் சேதத்தைச் சொன்ன அரசு மருத்துவர்கள் போர் முடிந்ததும் தடுத்துவைக்கப்பட்டு, 2009 ஜூலையில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் சொன்ன எண்ணிக்கையை மறுத்தார்கள். காவலில் இருக்கும் மருத்துவர் சொன்னதற்கு என்ன பெறுமதி என்பது ஒருபுறம். அன்றன்றைய வார்டுப் பதிவேட்டின் பிரதி பாதுகாப்பாக வெளியே இருந்தால், யாரும் யாரையும் மறுக்கச் சொல்லிப் பயனில்லை.

---

நடுக்கோடு

ஒரு சிறு எச்சரிக்கை. அதே 2011 அறிக்கை, விடுதலைப் புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், கட்டாயமாக ஆள் சேர்த்ததையும் எழுதியிருக்கிறது. முதலாவதை மேற்கோள் காட்டி இரண்டாவதை மறைக்கிற மருத்துவர் குழுவை ஜெனீவாவில் இரண்டாம் தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். வருகிறவரின் காயம் எந்தத் தரப்பு செய்ததாக இருந்தாலும் அதே படிவம், அதே இரண்டு படம், அதே ஐந்து படி. ராணுவத்தில் இருந்தவன் வந்தாலும்தான்.

---

வெள்ளைக்கோட்டு

புரிந்தது. இரண்டு பட்டியலை வருகிற ஞாயிறு கூட்டத்தில் போடுகிறோம். எழுதும் பட்டியலுக்கு எலும்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் இரண்டு பொது மருத்துவர்களும் போதும் என்று தோன்றுகிறது. மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களை அதில் சேர்க்கலாமா?

---

பழைய ஸ்டெத்

மனுவின் வாசகத்தைப் பொறுத்தது. "சித்திரவதையை விசாரியுங்கள்" என்றால் சேர்க்கலாம், ஆனால் அறிக்கையின் தொடக்கத்திலேயே அந்தக் கையெழுத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். குறிப்பிட்ட படைப்பிரிவையோ ஆளையோ குற்றவாளி என்று சொன்ன மனு என்றால், அந்தப் படைப்பிரிவு சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.